கல்யாணக் கடன்: கீழத்தஞ்சைப் பண்ணையாளின் குறுகிய வாழ்வு

கீழத்தஞ்சையில் ஒருவன் எப்போது பண்ணையாள் ஆனான் என்று கேட்டால், பிறந்தபோதே என்று சொல்லிவிடலாம். அப்பன் பண்ணையாள், பாட்டன் பண்ணையாள், குடிசை நிற்கும் மனை மிராசுதாருடையது. ஆனாலும் பண்ணைக் கணக்கில் அவன் பெயர் தனியாக ஏறிய நாள் என்று ஒன்று இருந்தது. பெரும்பாலும் அது அவனுடைய கல்யாணத்தை ஒட்டிய நாள்.

பதினெட்டோ இருபதோ வயது. பெண் பார்த்தாகிவிட்டது. தாலிக்கு ஒரு குண்டுமணித் தங்கம் வேண்டும், பெண்ணுக்கு ஒரு புடவை வேண்டும், பந்தலுக்குக் கீற்றும் வந்தவர்களுக்குச் சோறும் வேண்டும். சேரியில் யார் கையிலும் காசு கிடையாது. அப்பனும் மகனும் மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நிற்பார்கள். சில கலம் நெல்லும் கொஞ்சம் ரொக்கமும் கிடைக்கும். அதுவரை இன்னாருடைய மகன் என்று அறியப்பட்டவன் அன்று முதல் இன்னாருடைய ஆள்.

இதை மற்றக் கடன்களைப் போல நினைத்தால் அந்த வாழ்க்கையே பிடிபடாது. வட்டிக்குக் கொடுப்பவர் பணம் திரும்பி வரவேண்டும் என்று நினைப்பார். மிராசுதார் கொடுத்த கல்யாணக் கடன் திரும்பி வராமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். கடன் நிற்கும் வரை ஆள் நிற்பான். நாற்று முற்றுகிற வாரத்தில், கதிர் சாய்கிற வாரத்தில், ஆளைத் தேடி அலைய வேண்டிய கவலை அவருக்கு இல்லை. அவன் வேறு பண்ணைக்குப் போக வேண்டுமானால் புதிய பண்ணை பழைய கடனைத் தீர்த்து அவனை எடுத்துக்கொள்ள வேண்டும். கடன் அப்படியே இருக்கும், எஜமான் மட்டும் மாறுவார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டு. அங்கே இருந்த படியாட்களைப் பற்றிய குறிப்பில், அவர்கள் வாங்கும் கடன் அடைபடுவதே இல்லை, தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது, நிலம் கைமாறும்போது ஆட்களும் சேர்ந்தே கைமாறுகிறார்கள் என்று பதிவாகியிருக்கிறது. பெயர் ஊருக்கு ஊர் மாறும். படியாள் என்பார்கள், பண்ணையாள் என்பார்கள். முடிச்சு ஒன்றுதான்.

அடிமை முறையைச் சட்டம் அதற்கு வெகுகாலம் முன்பே ஒழித்துவிட்டது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், ஒரு மனிதன் இன்னொருவனுக்கு உடைமை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கக்கூடாது என்றது. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம், ஆளை அடிமையாக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. இரண்டும் கீழத்தஞ்சையின் வரப்பைத் தாண்டி உள்ளே வரவில்லை. 'இவன் என் அடிமை' என்றால்தானே சட்டம் கேள்வி கேட்கும்? 'இவன் எனக்குக் கடன்பட்டவன்' என்று சொல்லிவிட்டால் போதுமே.

கல்யாணத்துக்கு முன்பாவது அவனுக்கு ஓர் இளமை இருந்ததா? அதுவும் இல்லை. ஆறேழு வயதில் அவன் மாட்டுக்காரப் பையன். விடியுமுன் கொட்டில், சாணி வாரிக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோய்க் கொட்டுதல், பிறகு மாடுகளை ஓட்டிக்கொண்டு திடலுக்குப் போய் இருட்டும்போது திரும்புதல். கூலி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மதியத்துக்குக் கஞ்சி, வருஷத்துக்கு ஒரு துணி, அறுப்பில் கொஞ்சம் நெல். அந்த நெல்லும் அப்பன் கணக்கில்தான் சேரும். வீட்டில் ஒரு வயிறு குறையும் என்பதுதான் பெற்றவர்கள் கண்ட ஆதாயம். பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பிய தாய்க்குப் பாசம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கஞ்சி இருக்கிற இடத்துக்கு அனுப்பினாள், அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் அந்தப் பையனின் கால்களைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். நாள் முழுக்கச் சேற்றிலும் சாணியிலும் ஊறிய விரலிடுக்குகளில் தோல் வெளுத்துப் பிய்ந்து, உள்ளே சிவப்பாகத் தெரியும். சேற்றுப்புண். நடந்தால் எரியும், இரவில் காய்ந்தபின் அரிக்கும். மஞ்சளைக் குழைத்துப் பூசுவார்கள், மருதாணியை அரைத்து வைப்பார்கள், வேப்பெண்ணெய் தடவுவார்கள். எதைத் தடவினாலும் மறுநாள் காலை அதே சேற்றில்தான் கால் இறங்க வேண்டும். செருப்பு கிடையாது. பண்ணைத் தெருவில் சேரிக்காரன் செருப்புப் போடக்கூடாது என்பது எழுதாத விதி. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, தோளில் துண்டு கிடக்கக்கூடாது என்பவையும் அப்படியே. பண்ணையாட்களில் பெரும்பாலோர் தலித்துகள். கடனும் சாதியும் இரண்டு தனிக் கயிறுகள் அல்ல. ஒன்றாக முறுக்கிய கயிறு. சேற்றுப்புண்கூட அந்த முறுக்கிலிருந்து வந்ததுதான்.

மீசை அரும்புவதற்குள் பையன் ஏர் பிடித்துவிடுவான். மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934-க்குப் பிறகு ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பது வழக்கமானது. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் வேலை நெருக்கும். நாற்றங்கால், சேற்றுழவு, பரம்படிப்பு, வரப்பு வெட்டு, நாற்றுப் பறி, நடவு. குறுவை அறுப்பதற்குள் சம்பா நிற்கும். குறுவை அறுத்த வயலில் தாளடி நட வேண்டும். பண்ணையாளுக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. பண்ணை வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர் குரல் கொடுக்கும்போது தொடங்கும், அவர் போகச் சொல்லும்போது முடியும். வயல் வேலை ஓய்ந்தால் பண்ணை வீட்டு விறகு பிளக்க வேண்டும், வைக்கோல் போர் போட வேண்டும், இரவில் களத்தில் நெல்லுக்குக் காவல் படுக்க வேண்டும்.

இத்தனைக்கும் கூலி நெல். அந்த நெல்லை அளந்த மரக்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விவசாயத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று பிறந்தது அதற்குள்ளிருந்துதான்.

மரக்கால் ஒரு கொள்கலன்தான். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆனால் அதை நிரப்புவதில் ஆயிரம் வழி உண்டு. நெல்லை அழுத்திக் குவித்து, மேலே கூம்பு நிற்க அளக்கலாம். தளர்வாகக் கொட்டி, விளிம்போடு தலைதட்டி அளக்கலாம். பண்ணைக்குள் வரும் நெல்லுக்குக் குவியல், ஆளுக்குப் போகும் நெல்லுக்குத் தலைதட்டு. கலனே இரண்டாக இருந்த பண்ணைகளும் உண்டு: வாங்குவதற்குப் பெரியது, கொடுப்பதற்குச் சிறியது. அளப்பவர் 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்றுதான் சொல்வார். பிறகு இரண்டு, மூன்று. மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்ற பழைய வழக்கம் அது. கூலிக்குத் துண்டை விரித்துக்கொண்டு களத்தில் குந்தியிருந்தவன் காதிலும் அந்த 'லாபம்' விழுந்தது. துண்டில் விழுந்த நெல் குறைவு என்று அவன் கைக்குத் தெரியும். பதரும் தூசியும் போக, குத்தி எடுத்தால் எத்தனை வேளை வரும் என்று அவன் மனைவிக்குத் தெரியும். இருவரும் வாய் திறக்க முடியாது.

வேலை இருந்த மாதங்களில் நிலைமை இது. வேலை இல்லாத மாதங்கள் இதைவிட மோசம். நடவு முடிந்து, மழை கொட்டி, கதிர் வர நாளிருக்கும் ஐப்பசி கார்த்திகையில் பானை காலி. வாய்க்காலில் நண்டு, வரப்பில் நத்தை, வேலியோரக் கீரை, எலிவளையில் எலி சேர்த்து வைத்த நெல். இவற்றைக் கொண்டு நாளைத் தள்ளுவார்கள். தள்ள முடியாதபோது மறுபடியும் பண்ணையில் போய் நிற்பார்கள். கல்யாணக் கடனின் மேல் கஞ்சிக் கடன் ஏறும். தம்பதிக்கு முதல் பிள்ளை பிறக்கும்போதே கணக்கு இரண்டு மடங்காகியிருக்கும்.

தப்பித்துப் போக ஒரே ஒரு வாசல்தான் இருந்தது: நாகப்பட்டினம் துறைமுகம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பினாங்குக்கும் மலாயா தோட்டங்களுக்கும் அங்கிருந்து கப்பல் போனது. தோட்டத்துக்காக ஊருக்கு வந்து ஆள் சேர்த்த கங்காணியும் முன்பணம் கொடுத்துத்தான் கூட்டிப் போனார். ஒரு கடனிலிருந்து இன்னொரு கடனுக்குத்தான் போகிறோம் என்று தெரிந்தும் வாலிபர்கள் ஏறினார்கள். அங்கே குறைந்தபட்சம் கூலி காசாகக் கையில் விழும். இந்த வாசலைப் பின்னால் மறுபடியும் பார்க்கப் போகிறோம், அப்படிக் கடல் கடந்து போய்த் திரும்பிய ஒருவனுக்காக.

இப்படி வாழ்ந்தவர்கள் எத்தனை வயது வரை வாழ்ந்தார்கள்? 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டில் இந்தியாவில் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 32 வயதுதான். கைக்குழந்தைகளின் சாவு இந்த எண்ணைக் கீழே இழுத்துவிடுகிறது என்பது உண்மை. முப்பத்திரண்டு வயதானதும் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் நாடு முழுவதும், நிலம் உள்ளவரும் இல்லாதவருமாகச் சேர்த்து எடுத்த சராசரியே இது என்றால், வாய்க்கால் தண்ணீரையே குடித்து, வெறுங்காலோடு சேற்றில் நின்று, அரை வயிற்றோடு உழைத்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வாந்திபேதி வந்தால் ஒரே வாரத்தில் சேரியில் பல குடிசைகள் இருட்டாகிவிடும். வெறுங்கால் வழியாக உடம்பில் ஏறும் கொக்கிப்புழு அப்படி உடனே கொல்லாது. குடலில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல ரத்தத்தை உறிஞ்சி, இருபத்தைந்து வயது வாலிபனை மூச்சு வாங்க வைக்கும். அவன் ஏரை நிறுத்தி வரப்பில் உட்கார்ந்தால், சோம்பேறி என்று அடி விழும். ரத்தசோகைக்குக் கிடைத்த அடி அது.

பாம்பு தனிக் கதை. நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் வயலில் கடிக்கும். கடித்தது தெரியும், பதறிக்கொண்டு ஓடலாம். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில், தரையில் படுத்திருப்பவர் மேல் ஊர்ந்து வந்து கடிக்கும். பல நேரம் வலி கூடத் தெரியாது, தடமும் சரியாகத் தெரியாது. பின்னிரவில் வயிற்றைப் பிசையும், இமை சரியும், பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும். களத்தில் நெல்லுக்குக் காவல் படுத்த வாலிபன் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் பேய் அடித்துவிட்டது என்று ஊர் சொல்லிக்கொண்டது. இது முடிந்துபோன பழங்கதை அல்ல. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை, வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம். எத்தனை பேர் எங்கே சாகிறார்கள் என்ற கணக்கு இருந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க முடியும்.

அப்பன் செத்தால் என்ன ஆகும்? பிணத்தை அடக்கம் செய்யப் பண்ணை கொஞ்சம் நெல் கொடுக்கும். அதுவும் கணக்கில் ஏறும். பன்னிரண்டு வயதில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மகன் அப்பனுடைய கலப்பையைப் பிடிப்பான். இதனால்தான் இந்த ஆயுள் கடைசியில் மட்டும் குறுகியது அல்ல, முதலிலும் குறுகியது என்கிறேன். பிள்ளைப் பருவத்தை முன்னால் வெட்டினார்கள், முதுமையைப் பின்னால் வெட்டினார்கள். நடுவில் மிஞ்சிய பத்துப் பதினைந்து வருஷம்தான் வாழ்க்கை. அதுவும் அடமானத்தில்.

எதிர்த்தால் தண்டனை இரண்டு: சவுக்கடி, சாணிப்பால். மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றிக் குடிக்க வைப்பதற்குத்தான் சாணிப்பால் என்று பெயர். அந்தக் கொடுமைக்குப் பால் என்ற சொல் எப்படி வந்து ஒட்டியது என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறாது. வேலைக்குத் தாமதமாக வந்ததற்கு, மாடு பயிரில் இறங்கியதற்கு, எதிர்த்துப் பேசியதற்கு, சில நேரம் ஒன்றுமே இல்லாததற்கு இந்தத் தண்டனை கிடைத்தது.

1943-இல் பி. சீனிவாசராவ் இந்த மண்ணுக்கு வந்தார். தென் கன்னடப் பகுதியில் பிறந்தவர், கம்யூனிஸ்ட். தமிழை இங்கே வந்து பழகிக்கொண்டவர். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. இரவில் சேரிகளுக்கு நடந்து போய்ப் பேசினார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் தென்பரையில் சங்கம் தொடங்கியது. அடித்தால் திருப்பி அடியுங்கள் என்று அவர் சொன்னதை அந்தப் பகுதியில் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். மணலி கந்தசாமியும் மற்றத் தலைவர்களும் சேர, அடுத்த ஆண்டே மன்னார்குடியில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. சவுக்கடியும் சாணிப்பாலும் நிற்க வேண்டும் என்றும், கூலியை அரசு முத்திரை குத்திய மரக்காலில் அளக்க வேண்டும் என்றும் அதில் ஏற்பட்டது. முத்திரை மரக்கால் என்ற இரண்டு சொற்களை இன்று சும்மா படித்துவிட்டுப் போகலாம். துண்டை விரித்து உட்கார்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்பதற்காகத்தான் மரக்காலைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினேன்.

இதற்குக் கொடுத்த விலையும் இளம் உயிர்கள்தான். சங்கத் தலைவர்களில் ஒருவரான களப்பால் குப்பு 1948-இல் திருச்சி சிறையில் இறந்தார். வாட்டாக்குடி இரணியன் 1920-இல் பிறந்தவர். நான் முன்பு சொன்ன அதே கப்பல் வாசல் வழியே இளவயதில் சிங்கப்பூர் போனார், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார், திரும்பி வந்து விவசாயத் தொழிலாளர் பக்கம் நின்றார். 1950 மே மாதம் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான். அதே வாரத்தில் அவருடைய தோழர் ஜாம்பவானோடை சிவராமனும் சுடப்பட்டார். வெளிநாட்டில் ஆளுக்கு ஆள் சமமாக நின்று பழகியவன், ஊருக்கு வந்து கொல்லைப்புறத்தில் நிற்க மறுத்தான் என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றில் சிக்கலான பகுதி. 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு, தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அது சட்டமானது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவைத் தாண்டி நிலம் வைத்திருந்தவர்கள் இதில் வந்தார்கள். பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக்கூடாது, கூலி இவ்வளவு, பிணக்கு வந்தால் விசாரிக்க அதிகாரி என்று சட்டம் சொன்னது. பண்ணையாளுக்கு என்று சட்டம் ஒன்று முதன்முதலாக வந்தது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

மிராசுதார்களோ எளிதான வழியைக் கண்டார்கள். பண்ணையாள் என்று யாரும் இல்லாவிட்டால் பண்ணையாள் சட்டம் யாரைப் பாதுகாக்கும்? ஆட்களை விலக்கினார்கள். தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். சில ஆண்டுகளில் பண்ணையாள் முறை பல ஊர்களில் கரைந்துவிட்டது. வாலிபன் கடனிலிருந்து விடுபட்டான். வருஷம் முழுக்க ஏதோ ஒரு வேலை, பஞ்சத்துக்கு ஏதோ ஒரு கஞ்சி என்றிருந்ததும் அதோடு போயிற்று. விடுதலையும் வேலையின்மையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பழைய முறையே நல்லது என்று சொல்வதற்கு இதைச் சிலர் காரணமாகக் காட்டுவதுண்டு. அது தவறு. நிலம் இல்லாமல் விடுதலை மட்டும் கொடுத்ததுதான் குறை.

அதுவரை பேச்சில் அதிகம் வராத பெண்களின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். நடவும் களையும் முழுக்க அவர்கள் கையில் இருந்தன. கூலி ஆணுக்குப் பாதி. கைப்பிள்ளையை வரப்பு மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு நடுவார்கள். பிள்ளை அழுதாலும் வரிசையை விட்டு எழுந்துபோய்ப் பால் கொடுக்க அனுமதி வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே ஒரு கோரிக்கையாக வைக்கப்பட வேண்டியிருந்தது. பதினாறு வயதில் தாயானவள், இருபத்தைந்துக்குள் மூன்று நான்கு பேறு கண்டு, ரத்தம் வற்றி, ஏதோ ஒரு பேற்றில் போய்விடுவாள். ஆணின் ஆயுளைப் பற்றி எழுதும்போது இதை ஒரு பத்தியில் அடக்க வேண்டியிருப்பது எனக்கே உறுத்துகிறது.

1960-களில் தஞ்சையைத் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ரசாயன உரம் வந்தது, ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகம் வந்தது, விளைச்சல் ஏறியது. ஏறிய விளைச்சலில் தங்களுக்கு எவ்வளவு என்று அறுப்பவர்கள் கேட்டார்கள். கேட்டது பெரிய பங்கல்ல. அரைப்படி நெல் என்றுதான் ஊர் நினைவில் நிற்கிறது. கேட்டவர்களை விட்டுவிட்டு வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கியிருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாளைக்கு மாடு மேய்க்கப் போக இருந்த பையன்களும், நாற்று நடப் போக இருந்த சிறுமிகளும் அந்தக் குடிசையில் இருந்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்து போய் இதைச் செய்தார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று.

1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. என் மதிப்பீட்டில் இரண்டாவது பெரியது, ஆனால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதுவரை குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. கூலி கேட்டால் குடிசையைப் பிரி என்பார். 1961-இல் வந்த ஒரு சட்டம் வெளியேற்றத்தை மட்டும் தடுத்தது. 1971-இல் வந்தது அந்த மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கியது. சில சென்ட் மண்தான். ஆனால் காலுக்குக் கீழே இருப்பது தன் மண் என்று ஆனபிறகுதான் ஒரு மனிதனால் நிமிர்ந்து பேரம் பேச முடிந்தது. அவன் மகன் பள்ளிக்கூடம் போனான். பேரன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போனான். அறுவடை இயந்திரம் வந்ததும் மிச்சமிருந்த வாலிபர்களும் வயலை விட்டுப் போனார்கள்.

ஆனால் கல்யாணக் கடன் என்ற அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டதா என்றால், இல்லை. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. அதற்குப் பிறகும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கரும்பு வெட்டிலும் அட்வான்ஸ் என்ற பெயரில் அதே கடன் உலவுகிறது. மிகச் சிறிய பிள்ளைகளைப் பிடித்துவைப்பது ஆடு, வாத்து மேய்ப்பில் நடக்கிறது. அறுப்பு முடிந்த டெல்டா வயல்களில் மாசி பங்குனியில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையோடு வருவார்கள். நிலத்துக்கு உரம், ஆட்டுக்கு மேய்ச்சல். நல்ல தொழில், கீதாரிகளும் கஷ்ட ஜீவனக்காரர்கள்தான். அந்த மந்தைகளில் சிலவற்றின் பின்னால் பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்காக நடக்கும் சிறுவர்கள் இருந்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையையும் கூரையையும் வாரிக்கொண்டு போனபிறகு அப்படி அடகு வைக்கப்பட்ட பிள்ளைகளை அதிகாரிகள் மீட்டார்கள். பாட்டன் கல்யாணத்துக்கு வாங்கினார், இவர்கள் கூரைக்கு வாங்கினார்கள்.

2025 மே மாதம் காஞ்சிபுரம் அருகே பாலாற்றங்கரையில் ஒரு சிறுவனின் உடலைத் தோண்டி எடுத்தார்கள். ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை, பத்து வயதைத் தாண்டாதவன். ஒரு சிறு கடனுக்காக வாத்து மேய்க்க விடப்பட்டவன். பெற்றவள் மகனைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் இறந்ததும் புதைக்கப்பட்டதும் அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

1976 சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. முன்பணம் வாங்கியவர்களில் பலருக்கு அது தெரியாது. கொத்தடிமையாக வைத்திருப்பதற்காகக் கொடுத்த கடன் எதுவானாலும், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு சட்டப்படி அற்றுப்போகிறது. பிள்ளையை அழைத்து வர அந்தக் கடன் தொகையைப் புரட்ட வேண்டியதில்லை. கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்; அந்தத் தாள் இல்லாமல் அரசின் முழு மறுவாழ்வுத் தொகை கைக்கு வருவது கடினம். மீட்கப்படும் குழந்தைக்கு அந்தத் தொகை 2 லட்சம் ரூபாய், மிகக் கொடிய நிலைகளில் 3 லட்சம் வரை உண்டு. எனவே மீட்டவர்கள் பிள்ளையைப் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது; தாளை வாங்கிக் கையில் கொடுக்க வேண்டும்.

கிடை போட்ட வயலை இரவில் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் வலைக்குள் ஆடுகள், ஓரத்தில் ஒரு சாக்கு, சாக்கின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்கும் ஒரு பையன். கட்டிலும் இல்லை, விளக்கும் இல்லை. கட்டுவிரியன் ஊர்கிற அதே தரை. அவனுக்குப் பதினான்கு வயதுக்குக் கீழே இருக்கும் என்று தோன்றினால், பகலில் அவனிடம் பெயரும் ஊரும் கேளுங்கள், எந்த வகுப்பில் விட்டாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கி அவன் முதலாளி நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தால், 1098-ஐ அழையுங்கள்.